ரத்தத்தில் பாடு முறை கிடையாது

எனக்கு முதலில் குளிரெடுத்தது ஏரியின் நடுவில், சுள்ளென்ற வெயிலில், காலை பத்து மணிக்கு. பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. படகைத் தள்ள ஊன்றும் கோலும் கையில் சேர்ந்து ஆடியது. படகில் என் மனைவியின் தம்பி சேகரும் சித்தப்பா மகன் தேசப்பனும் இருந்தார்கள். நான் நடிக்கிறேன் என்று இருவரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

"இன்னா மாமா, கோல் ஊன சோம்பலாக்கீதா?" என்றான் சேகர்.

மலேரியா வந்தவர்களுக்காகவும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். என்னைப் போல் அறிவாளியாக இருக்காதீர்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. மறுநாள் எனக்கு ஒன்றுமில்லை. அதற்கடுத்த நாள் அதே பத்து மணிக்குக் குளிர் திரும்பி வந்தது. பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்குப் போகும் பஸ்கூட அவ்வளவு நேரந்தவறாமல் வந்ததில்லை.

காய்ச்சல் எனக்குப் பெரிய கவலையாக இல்லை. என் கவலையெல்லாம் பாடுதான். எங்கள் ஏரியில் யார் வேண்டுமானாலும் எங்கு வேண்டுமானாலும் வலை போட முடியாது. இன்ன நாள், இன்ன இடம், இன்ன ஆள் என்று ஊர் கூடி முறை வைத்திருக்கிறோம். அதற்குத்தான் பாடு என்று பெயர். கல்யாணம் ஆனவனுக்கு மட்டுமே பாடு உண்டு. எனக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. முதல் பாடு வருவதற்குப் பத்து நாள் இருந்தது. அன்று வராதவனுக்கு முறை போய்விடும்.

சுகாதார ஊழியர் வந்து விரலில் குத்தி ரத்தம் எடுத்தார். நான்கு குளோரோகுயின் (மலேரியா மாத்திரை) கொடுத்து, "சாப்ட்டுட்டு நாலையும் ஒண்ணா முழுங்கிடு" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

நான்கு மாத்திரை. படகில் மூன்று பேர். எங்கள் வழக்கத்தில் எது கிடைத்தாலும் ஆளுக்கொரு பங்கு, படகுக்கொரு பங்கு. நானும் சேகரும் தேசப்பனும் ஒவ்வொன்று விழுங்கினோம். படகுப் பங்கு படகின் சொந்தக்காரரான என் நைனாவுக்குப் போனது. அவர் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "கசக்குதுடா" என்று படகின் முன்பக்க இடுக்கில் செருகிவிட்டார். பங்கை முறைப்படி பிரித்ததில் எங்கள் எல்லோருக்கும் திருப்தி.

இரண்டு நாள் காய்ச்சல் இல்லை. நான் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன். பிறகு அது தினமும் வந்தது, நேரங்காலம் பார்க்காமல். என் பாடு முறைக்கு இரண்டு நாள் இருக்கும்போது என்னைப் பொன்னேரி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அன்று மாலை என் மனைவி கன்னியம்மாளைப் பார்த்து, "நீ யாரும்மா?" என்று கேட்டேனாம். "உன் பொண்டாட்டிதான்யா" என்று பதில் சொல்லிவிட்டு, வெளியே போய் அழுதிருக்கிறாள். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நினைவு திரும்பியபோது கையில் கொய்னா (குயினின்) மருந்து ஏறிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா கதையைக் கேட்டார். சொன்னேன்.

"படகுக்கும் காய்ச்சலா?" என்றார்.

"இல்ல டாக்டர். படகுக்குப் பங்கு."

அவர் என் ரத்தப் பரிசோதனைச் சீட்டை எடுத்தார். பிறகு விளக்கினார். என் ரத்தத்தில் இரண்டு வகைக் கிருமிகள். ஒன்று வைவாக்ஸ் (ஒருநாள் விட்டு ஒருநாள் காய்ச்சல் தருவது), இன்னொன்று ஃபால்சிபாரம் (மூளைவரை போகக்கூடிய பொல்லாதது). ஒற்றை மாத்திரையில் நோஞ்சான்கள் செத்தன. முரடுகள் மிஞ்சிப் பெருகிவிட்டன.

எனக்குக் கோபம் வந்தது. "நான் செத்தா அதுவுந்தானே சாவும்? குடியிருக்கிற ஊட்ட எவனாச்சும் இடிப்பானா?"

"சளிக் கிருமிக்கு நீ நடமாடணும், நாலு பேர் மேல தும்மணும். அதனால உன்னை ரொம்பப் படுத்தாது. இதுக்கு நீ படுத்துக் கெடந்தாலே போதும், கொசு வந்து எடுத்துட்டுப் போயிடும். அதுவும் ரெண்டு மூணு வகை உள்ள இருந்தா, பொறுமையாத் திங்கிறது பின்தங்கிடும். வேகமாப் பெருகுறதுதான் கொசுவுக்குள்ள போய்ச் சேரும். தலைமுறை தலைமுறையா அதுதான் ஜெயிக்கும்."

"ஆளே போயிட்டா?"

"கொசு வர்றதுக்குள்ள ஆளைக் கொன்னா அதுக்கும் நஷ்டம். அதனால ஒரு அளவுல நிக்கும்னு நினைக்கிறாங்க. அந்த அளவு உன் சௌகரியத்தைப் பார்த்து வெச்சது இல்லப்பா."

எனக்குச் சட்டென்று புரிந்தது. பாடு வைக்காத ஏரி. முறை இல்லையென்றால், இன்று நான் விட்ட மீனை நாளை இன்னொருவன் அள்ளிவிடுவான். அதனால் எல்லோரும் அள்ளுவார்கள், ஏரி காலியாகும். என் ரத்தத்தில் ஊர்க்கூட்டம் போட ஆளில்லை. இதைச் சொன்னதும் டாக்டரம்மா பாடு பற்றி அரைமணி நேரம் கேட்டுக்கொண்டார். அவருக்காகக் காத்திருந்த மற்ற நோயாளிகள் என்னைக் கொலைவெறியோடு பார்த்தார்கள்.

பாடு நாளன்று நான் கட்டிலில்தான் கிடந்தேன். ஆனால் கன்னியம்மாள் என் வலையைப் படகில் போட்டு, ஊர்ப் பெரியவர்கள் முன்னால் போய் நின்றிருக்கிறாள்.

"ஆளு எங்கம்மா?" என்று கேட்டார்களாம்.

"படகு வந்துக்கீது. மருந்துலகூடப் படகுக்குப் பங்கு குடுத்த ஊராச்சே. அப்போ படகு வந்தா ஆளு வந்த கணக்குத்தானே?"

சிரித்து முடிக்கவே அவர்களுக்கு நேரம் பிடித்ததாம். முடிவில் என் முறையை ஒரு மாதம் தள்ளிவைத்தார்கள். அன்றும் வராவிட்டால் அந்த வருஷம் பாடு கிடையாது.

இம்முறை முழு மருந்தையும் நான் ஒருவனே விழுங்கினேன். பக்கத்தில் ஆள் இருக்கத் தனியாகத் தின்பது எங்கள் ஊர்க்காரனுக்கு லேசான காரியமில்லை. சேகருக்கும் தேசப்பனுக்கும் ரத்தம் பார்த்தார்கள். சேகரிடம் கிருமி இருந்தது. அவனுக்குத் தனியாக முழு மருந்து கொடுத்தார்கள். ஆளுக்கொரு காய்ச்சல், ஆளுக்கொரு மருந்து என்ற முறை எங்கள் படகில் அப்படித்தான் வந்தது.

ஒரு மாதம் கழித்து என் பாடு நாளில் ஏரியில் இறங்கினேன். கால் இன்னும் தள்ளாடியது. நெடுநேரம் கோல் ஊன்றிய பிறகு முதுகு நனைந்தது. காய்ச்சல் நாட்களிலும் இப்படித்தான் நனைந்துகொண்டிருந்தது. கோலை நிறுத்திவிட்டுக் குளிருக்காகக் காத்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. வாரக்கணக்காக நின்றது போல இருந்தது.

"இன்னா மாமா, வந்துடுச்சா?" என்று சேகர் பயந்துபோய்க் கேட்டான்.

நெற்றியைத் தொட்டேன். கழுத்தைத் தொட்டேன். எதுவும் கொதிக்கவில்லை.

"இல்லடா. வேல செஞ்சேன் இல்ல, வேர்க்குது."

வேர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. துடைக்க மனம் வரவில்லை.