தூசி இல்லாத கல்

என் அக்கா புருஷனைப் பட்டறையில் எல்லோரும் கல்லுளிமங்கன் என்றுதான் கூப்பிடுவார்கள். பிடித்த பிடியை விடமாட்டார். சமையல் மேடைக்குக் கிரானைட் அறுப்பது தொழில். புதுக் கல் வந்தால் முதலில் ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுப்பார். நனைந்தால்தான் கல் உண்மை நிறத்தைக் காட்டும் என்பார்.

போன வருஷம் இருமல் நிற்கவே இல்லை. நுரையீரல் முழுக்கக் கல்தூசி, இனிப் பட்டறையில் கால் வைத்தால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்றார் டாக்டர். மாமா வீட்டோடு கிடந்தார். சமையல் மேடையின் விளிம்பைத் தடவித் தடவி அக்காவின் உயிரை வாங்கினார். முதலாளியோ, "ஒரே ஒரு வேலை, மாஸ்டர்" என்று போன் மேல் போன் போட்டார். மனுஷன் போய்விடுவாரோ என்று அக்கா வாசற்படியிலேயே காவல் இருந்தாள்.

வீட்டிலிருந்தே கம்பெனி வேலை பார்க்கும் அவர்கள் மகள்தான் இணையத்தில் ஒரு நுண்ணோக்கித் தளத்தைக் கண்டுபிடித்தாள். கல்லைத் தலைமுடியைவிட மெல்லிசாகச் சீவி, நுண்ணோக்கியில் தெரிவதை அப்படியே படமாக்கிப் போட்டிருக்கிறார்கள். மவுஸை நகர்த்தினால் கல் சுழலும், வெளிச்சம் மாறும்.

"போட்டோவுல கல்லா? போட்டோவுல சோத்தப் பாத்தா வயிறு ரொம்பிடுமா?" என்றார் மாமா.

மகள் ஒரு விண்கல்லைத் திறந்து வெளிச்சத்தை மாற்றினாள். மங்கிக் கிடந்த கல்லுக்குள் நீலமும் மஞ்சளும் ஆரஞ்சுமாக உருண்டை மணிகள். மாமா வாயைப் பிளந்தார்.

"வானத்துலேர்ந்து விழுந்ததா? இவ்ளோ மெல்லிசா எந்த மிஷின்லம்மா அறுத்தான்?"

அதிலிருந்து மகளுக்கு வேலை இல்லாத நேரமெல்லாம் லேப்டாப் அவருடையதுதான். ஒருநாள் ஏதோ ஒரு கல் மங்கலாகத் தெரிந்ததாம். சொட்டச் சொட்ட ஈரத்துணியை எடுத்துவந்து திரையில் ஒரே இழுப்பு! தண்ணீர் உள்ளே இறங்கி லேப்டாப் அணைந்துவிட்டது.

"ஐயோ அப்பா, கம்பெனி லேப்டாப்பு!"

"கல்லு மங்கலா இருந்துச்சும்மா..."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. லேப்டாப் ரிப்பேருக்குப் போனதும் பார்க்க எதுவும் இல்லாமல் தவித்தவர், முதலாளியிடம் வருவதாக ஒத்துக்கொண்டுவிட்டார். அக்கா கெஞ்சினாள், நான் கத்தினேன். கல்லுளிமங்கன் அசையவில்லை.

கிளம்ப வேண்டிய காலையில் சட்டை போட்டுக்கொண்டிருந்தார். ரிப்பேராகி வந்த லேப்டாப்பை மகள் அவர் முன்னால் வைத்தாள்.

"அப்பா, இது கிரானைட். நீங்க அறுத்த ஜாதிதான்."

மாமா பட்டனை விட்டுவிட்டு மவுஸைப் பிடித்தார். கல் சுழன்றது. கோடு போட்ட துண்டுகளுக்கு நடுவே, சுத்தமான வெள்ளைத் துணுக்குகள் சுற்றச் சுற்ற மெல்ல இருண்டு, மறுபடி வெளுத்தன.

"இந்த வெள்ளை என்னம்மா?"

"குவார்ட்ஸ்." அவள் குரல் உடைந்தது. "டாக்டர் சொன்னாரே, இதோட தூசிதாம்ப்பா உங்க நெஞ்சுல இருக்கு."

மாமா கோபப்படவில்லை. முகத்தைத் திருப்பவும் இல்லை. அந்த வெள்ளையைப் பெரிதாக்கி, இந்தப் பக்கம் ஒரு சுற்று, அந்தப் பக்கம் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். தன் உயிரைத் தின்கிற ஒன்றை இப்படி நிதானமாக, ரசித்துப் பார்க்க என்னால் முடியாது.

"அழகாத்தான் இருக்கு," என்றார். "யாரு நெஞ்சுக்குள்ள போறோம்னு இதுக்கென்ன தெரியும் பாவம்."

பிறகு போனை எடுத்தார்.

"முதலாளி, நான் வரல. இன்னைக்கு மட்டுமில்ல, இனிமேலும் வரமாட்டேன்."

டாக்டர் அப்படிச் சொன்ன அன்றுகூட அழாத அக்கா, அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.