நானூற்றெண்பது ரூபாய்ப் புத்தகம்

இருபத்துநான்கு வயதில் கிருஷாந்தி ஒரு முழுப் புத்தகத்தைக் கையால் எழுதி முடித்தாள். அவள் எழுத்தாளர் இல்லை. வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், மேட்டு லயத்து வரிசை வீடுகளில் எட்டாம் காம்பராவில் அம்மா வேலாயியோடு இருப்பவள். உயர்தரப் பரீட்சையில் மூன்று பாடம் சித்தியடைந்து, அந்தச் சான்றிதழை உறை போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு, மறுநாளே கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு அம்மாவுக்குப் பின்னால் மலையேறியவள்.

தோட்டப் பள்ளிக்கூடங்களுக்கு ஆசிரிய உதவியாளர் எடுக்கும் போட்டிப் பரீட்சை வந்தது. அவர்கள் கல்விக் கோட்டத்துக்கு ஒரே ஓர் இடம். கிடைத்தால் கூடை இறங்கும். கிடைக்காவிட்டால் முதுகு வளைகிற வரைக்கும் கொழுந்துதான். இரண்டுக்கும் நடுவில் அவளுக்கென்று வேறு வாழ்க்கை எதையும் யாரும் எடுத்து வைத்திருக்கவில்லை.

அந்தப் பரீட்சைக்கு ஒரு வழிகாட்டி உண்டு. எழுதியவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஹட்டனில் டியூஷன் நடத்தும் ஜெயரத்தினம் மாஸ்டர். அச்சுப் புத்தகம் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் ரூபாய். கெட்டி அட்டை, வழுவழுவென்ற வெள்ளைத் தாள். அதையே போனில் படிக்கிற மாதிரி மின்னூலாகவும் போட்டிருந்தார். அது நானூற்றெண்பது. கிருஷாந்தி டியூஷன் வாசலில் நின்று, அச்சுப் புத்தகத்தை ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"சேர், ரெண்டுலயும் ஒரே விஷயந்தானுங்களா?"

"இரண்டும் ஒண்டுதான் பிள்ளை. கடதாசி இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்."

படித்த மனுஷன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நானூற்றெண்பதைக் கட்டினாள்.

இதற்கு முன் அவள் இன்னொரு வழியும் பார்த்திருந்தாள். தொழிற்சாலைக் கிளார்க்கின் மகள் சுலக்ஷனா அச்சுப் புத்தகம் வாங்கி வைத்திருந்தாள். முதலாம் வகுப்பிலிருந்து இருவரும் ஒரே வாங்கில் உட்கார்ந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் தரச்சொல்லிக் கேட்டதற்கு, "அட்டை மடங்கிருச்சுன்னா அப்பா ஏசுவாரு டீ" என்று சொல்லிவிட்டாள். அட்டை மீது அவ்வளவு பாசம்.

போனில் வந்த புத்தகம் ஒரு தினுசாக இருந்தது. எழுத்தைப் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடிப்போகும். சிறிதாக்கினால் எறும்புக் கூட்டம். சில பக்கங்களில் படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் கட்டம். கிருஷாந்தி சலித்துக்கொள்ளவில்லை. தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பு என்றாலே பலகையில் இருப்பதைப் பார்த்துக் கொப்பியில் எழுதுவதுதான். அவளுக்குத் தெரிந்த படிப்பு அது. இரண்டு பெரிய கொப்பி வாங்கி, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, மூலைக்கு மஞ்சள் தடவி, கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்த பின் தினமும் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து எழுதினாள். தலைப்புக்குச் சிவப்பு, உள்ளே நீலம். இரண்டரை மாதத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். வேலாயிக்கு எழுத்து தெரியாது. ஆனாலும் பக்கம் பக்கமாகத் திருப்பிப் பார்த்து, கோலம் மாதிரி இருக்குது என்று லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அந்தப் புத்தகத்தின் உயிரே ஓர் அட்டவணைதான். வாயில் நுழையாத வெள்ளைக்காரப் பெயர்கள் அறுபத்திரண்டு. பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்று அந்த ஆட்கள் ஒவ்வொருவரும் சொன்ன கருத்து எதிரே. போனுக்கு மாற்றியபோது எதிரே இருந்த கருத்துகள் மட்டும் ஒரு வரி மேலே ஏறிவிட்டன. முதல் ஆள் சொன்னது காணாமல் போனது. இரண்டாமவர் சொன்னதை முதலாமவர் தலையிலும், மூன்றாமவர் சொன்னதை இரண்டாமவர் தலையிலும் கட்டிக்கொண்டே போய், கடைசி ஆளுக்கு எதிரே வெறுமையாக நின்றது. பாவம், இந்த மனுஷன் ஒன்றும் சொல்லாமலே பெரிய ஆளாகிவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்து, கிருஷாந்தி அங்கே அளவுகோல் வைத்து ஒரு கோடு போட்டாள். பிறகு அறுபத்தொன்றையும் மனப்பாடம் செய்தாள். கொழுந்து கிள்ளும்போது ஒரு கொத்துக்கு ஒரு பெயர்.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது சுலக்ஷனா லயத்துக்கே வந்தாள்.

"கொப்பியில எழுதியிருக்கியாமே. ஒரு ரெண்டு நாளைக்கு தாயேன். பாத்துட்டுத் தர்றேன்."

லயத்தில் ஒருத்தி வாசலுக்கு வந்து கேட்டால் இல்லை என்று சொல்கிற வழக்கம் கிடையாது. உப்பானாலும் தீப்பெட்டியானாலும் எடுத்துக் கொடுத்துவிட வேண்டும். கிருஷாந்தி கொப்பிகளைப் பையில் போட்டே கொடுத்தாள். இரண்டாம் நாள் சாயங்காலம் அவை பத்திரமாகத் திரும்பி வந்தன. கூடவே ஒரு துண்டு கேக்.

"ரொம்ப நல்லா எழுதியிருக்கடீ. வேற எதையும் பாக்காத. இதையே படி."

கிருஷாந்திக்கு மனசு நிறைந்துவிட்டது. வேறு எதையும் பார்க்கவில்லை. அதையே படித்தாள்.

பரீட்சையில் அந்த அட்டவணையிலிருந்து எட்டுக் கேள்வி வந்திருந்தது. எட்டையும் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பே வந்தது. பேனா நிற்காமல் எழுதிவிட்டு, நேரத்துக்கு முன்பே எழுந்து வந்தாள். நாலு மாதம் கழித்துப் பட்டியல் வந்தபோது அவள் இரண்டாவதாக இருந்தாள். முதலாவது சுலக்ஷனா. வித்தியாசம் ஆறு புள்ளி. இருந்த ஓர் இடத்துக்கு இரண்டாவது ஆள் எதற்கு.

வேலையில் சேரப் போகும் முன் சுலக்ஷனா இனிப்புப் பெட்டியோடு வந்து, அச்சுப் புத்தகத்தையும் கையில் வைத்தாள். "எனக்கு இனி எதுக்கு இது. நீயே வச்சுக்க. அடுத்த தடவை உனக்குத்தான்." வேலாயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் ஞாயிறு. கிருஷாந்தி வாசல் வெளிச்சத்தில் புத்தகத்தைப் பிரித்தாள். அட்டவணைப் பக்கம் வந்தது. கடைசி ஆள் சொல்ல வேண்டியதைச் சொல்லித்தான் இருந்தார். கொப்பியை எடுத்துப் பக்கத்தில் வைத்து விரலால் ஒவ்வொரு வரியாக ஓட்டினாள். அறுபத்தொன்றில் ஒன்றுகூடச் சரியில்லை. அந்தப் பக்கத்தின் மேல் ஓரத்தில் யாரோ பென்சிலால் எழுதி அழித்திருந்தார்கள். நல்ல தாள், அழுத்தி எழுதினால் தடம் போகாது. வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தாள். சுலக்ஷனாவின் எழுத்து.

'கிருஷா கொப்பி – எல்லாம் ஒன்று மேலே.' அடியில் இரண்டு கோடு.

போன் போட்டாள். "நீ பாத்தியா?"

சுலக்ஷனா சொன்னாள், "நீ கேக்கலையே. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அடுத்த வாரம் ஹட்டனுக்குப் போய் ஜெயரத்தினம் மாஸ்டர் முன்னால் இரண்டையும் விரித்து வைத்தாள். அவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். வருத்தப்பட்ட மாதிரித் தெரியவில்லை.

"அது மெஷின் மாத்தினது பிள்ளை. நானூற்றெண்பது ரூபாய்க்குக் குடுக்கிறதை ஆர் இருந்து ஒப்பு நோக்கிறது? வடிவாக் கவனமெடுத்துப் படிக்கிற ஆக்கள் புத்தகமெல்லோ வாங்குவினம்."

"ரெண்டும் ஒண்ணுதான்னு நீங்கதானுங்க சேர் சொன்னீங்க."

"விக்கிறவன் வேறென்ன சொல்லுவான்?" என்று கேட்டுவிட்டு அவர் வகுப்புக்குள் போனார். அவள் பஸ் ஏறும் வரை அழவில்லை. ஏறிய பிறகு வட்டவளை வரும் வரை நிறுத்தவும் இல்லை.

ஒன்றரை வருஷம் கழித்து அடுத்த பரீட்சைக்கு அறிவித்தல் வந்தது. மறுபடியும் ஒரே இடம். அச்சுப் புத்தகம் மூவாயிரத்து ஐந்நூறாகியிருந்தது. கீழே பணிய லயத்துத் தர்ஷிகா, அந்த வருஷம்தான் உயர்தரம் முடித்தவள், வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, கடைப் புத்தகம் வாங்குற அளவுக்கு வசதியில்லக்கா. போன் புத்தகம் வாங்கினாப் போதுமா?"

அலமாரியில் இரண்டும் இருந்தன. தாள் உறை போட்ட அச்சுப் புத்தகம், துணிகளுக்கு அடியில். கொப்பிகள், மேல் தட்டில். அவற்றில் கிருஷாந்தி ஒரு வரிகூடத் திருத்தியிருக்கவில்லை. அவள் அலமாரியைத் திறந்து, கொஞ்ச நேரம் கையை உள்ளேயே வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு கொப்பிகளை எடுத்துத் தூசி தட்டினாள்.

"அதுக்கு ஏன் வீணாச் செலவு பண்ற. இந்தா, நானே எழுதி வச்சிருக்கேன். வேற எதையும் பாக்காத. இதையே படி."

தர்ஷிகா இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவள் படி இறங்கிப் போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்த வேலாயி, இப்படி அள்ளிக் கொடுக்கிற மனசு யாருக்கு வரும் என்று பக்கத்துக் காம்பராக்காரியிடம் சொன்னாள். கிருஷாந்தி உள்ளே போய்த் துணிகளுக்கு அடியிலிருந்து புத்தகத்தை எடுத்து, அட்டவணைப் பக்கத்தைப் பிரித்து, முதல் பெயரிலிருந்து மனப்பாடத்தை ஆரம்பித்தாள்.