பூஜையில் வைத்த டிவிடி பிளேயர்

அந்தப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று என் கணவர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "இதைத் தொடாதே." அதற்குப் பிறகு வந்த பத்து நாட்களில் அதைத் தொட்ட அளவு நான் வேறு எதையும் தொடவில்லை. சிட்லபாக்கத்தில் எங்கள் தெரு அப்போது மண் ரோடு. தண்ணீர் லாரி ஒருமுறை வந்துபோனால் ஜன்னல் கண்ணாடியில் விரலால் பெயர் எழுதலாம். தூசி படிந்தால் பிளேயர் கெட்டுவிடும் என்றும் அவரேதான் சொல்லியிருந்தார். தொடாமல் எப்படித் துடைப்பது என்பதை மட்டும் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு நான்கு தடவை துடைத்தேன். துடைத்துவிட்டு, துடைத்தது தப்போ என்று கொஞ்ச நேரம் அதன் எதிரிலேயே நிற்பேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. எங்கள் தெருவில் வீடியோ கேசட் பார்க்கிறவர்களே வசதியானவர்கள். என் கணவர் நகரத்தில், வெளிநாட்டு ஆடியோ சாமான்கள் விற்கும் ஒரு கடையில் வேலை பார்த்தார். கடை முதலாளி ஐதராபாத்தில் கிளை திறக்கவிருந்தார். தீபாவளிக்குள் தாம்பரம் பக்கம் ஒரு பெரிய ஆர்டர் பிடித்துக் காட்டினால் இவர் இங்கேயே இருக்கலாம். இல்லாவிட்டால் ஐதராபாத்துக்குப் போகவேண்டியவர் இவர்தான்.

ஐதராபாத்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. ஆனால் எங்கள் மகள் அந்த வருடம்தான் எல்.கே.ஜி. சேர்ந்திருந்தாள். அப்ளிகேஷன் வாங்க விடியற்காலையில் வரிசையில் நின்றவள் நான். சேர்த்த பிறகு மூன்று மாதம் அவள் பள்ளி வாசலில் அழுதாள், நான் வாசலுக்கு இந்தப் பக்கம் அழுதேன். நான்காவது மாதம்தான் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போக ஆரம்பித்திருந்தாள். இனி ஒரு புது ஊரில் தெலுங்கில் அழவேண்டும் என்றால் இரண்டு பேருக்குமே முடியாது.

ஆர்டர் தரக்கூடிய ஒரே ஆள் செம்பாக்கத்தில் இருந்தார். ஏரிப் பாசனத்தில் நெல் போட்ட குடும்பம். நிலமெல்லாம் பிளாட்டுகளாகி, அவர் இப்போது மூன்று மாடி வீடு கட்டிக்கொண்டிருந்தார். மேல்மாடியில் சொந்தமாக ஒரு தியேட்டர் வேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் கடைக்கு வந்து கேட்டுப்பார்க்க மாட்டேன் என்றுவிட்டார். "கடைல எல்லாம் நல்லாத்தான் சார் கேக்கும். மீன் கடைல எல்லா மீனும் ஃபிரெஷ்தான். ஒரு வூட்ல எப்டி கேக்குதுன்னு காட்டு" என்றாராம். அவர் வீட்டிலோ பூச்சு வேலையே முடியவில்லை. அதனால்தான் முதலாளியின் அனுமதியோடு அந்த பிளேயரும், ஒரு ஆம்ப்ளிஃபயரும், ஐந்து ஸ்பீக்கர்களும், தும் தும்மென்ற சத்தத்துக்கென்று அரிசி டின் அளவில் ஒரு பேஸ் பாக்ஸும் எங்கள் முன்னறைக்குக் குடிவந்தன. விலையை என் கணவர் சொல்லவில்லை. சொன்னால் நான் தூங்க மாட்டேன் என்று அவருக்குத் தெரியும்.

கூடவே ஒரே ஒரு டிஸ்க். படம் இல்லை, வெறும் சத்தங்களும் காட்சிகளும். காட்டில் மழை பெய்யும், ரயில் ஒன்று நம் இடது காதில் நுழைந்து வலது காதில் வெளியேறும். முதல் நாள் போட்டுப் பார்த்தபோது மழை அவ்வளவு சுத்தமாகப் பெய்தது. கீழ்வீட்டு அக்கா, அதாவது வீட்டுக்காரரின் மனைவி, மொட்டைமாடிக்கு ஓடி எங்கள் துணிகளையும் சேர்த்து எடுத்துவந்தார். விஷயம் தெரிந்ததும், "சொல்லிட்டு மழை விடக்கூடாதா?" என்று ஈரத்துணிகளை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

சரஸ்வதி பூஜை வந்தது. என் கணவர் காலையிலேயே கடைப் பூஜைக்குப் போய்விட்டார். வீட்டுப் பூஜை என் பொறுப்பு. அரிவாள்மனை, கத்தரிக்கோல், மிக்ஸி, தையல் மிஷின், அவருடைய ஸ்க்ரூடிரைவர் பெட்டி, மகளின் சிலேட்டு என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தவள் பிளேயர் முன்னால் நின்றேன்.

வைக்கலாமா, கூடாதா? வைத்து ஏதாவது ஆனால் என் தப்பு. வைக்காமல் ஆர்டர் போனால் அது இன்னும் பெரிய தப்பு. மிக்ஸிக்கே பொட்டு வைத்துவிட்டு, எங்களை ஊரைவிட்டுப் போகாமல் காப்பாற்ற வந்த பொருளைச் சும்மா விடுவதா? மேல்மூடியில் காற்றுப் போக வரிவரியாகத் துளைகள் இருந்தன. அதில் குங்குமம் விழாதபடி ஓரத்தில், மிளகு அளவில் ஒன்று வைத்தேன். அந்த ஜாக்கிரதையை நினைத்தால் இப்போதும் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

பிறகு டிஸ்க். பூஜையில் முக்கியமே புத்தகங்கள்தான். டிஸ்கும் ஒரு வகையில் புத்தகம் அல்லவா? உறையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் அழகாக ரயில் படம் அச்சிட்டு, நிறைய எழுதியிருந்தது. மறுபக்கம் ஒன்றுமே இல்லை. எவர்சில்வர் தட்டு மாதிரி வெறுமனே பளபளத்தது. நான் தாவரவியல் பட்டதாரி. யோசிக்காமல் எதையும் செய்வதில்லை. படம் இருக்கிற பக்கம் ஈரம் பட்டால் அச்சு கலைந்துவிடும். ஆகவே வெறும் பக்கத்தில், சரியான இடைவெளி விட்டு மூன்று இடத்தில் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் வைத்தேன். காய்ந்ததும் உறையில் போட்டு, மகளின் பாடப்புத்தகங்களோடு பூஜைப் பலகையில் வைத்தேன். மகள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்கு மணிக்குக் கீழ்வீட்டு அக்கா கூப்பிட்டார். எங்களுக்கு வரும் ஃபோனெல்லாம் அவர் வீட்டுக்குத்தான் வரும். என் கணவர்தான் பேசினார்.

"செம்பாக்கத்துக்காரர் இன்னிக்கே வர்றாராம். ஆறு மணிக்கு."

"இன்னிக்கா? பூஜைல வெச்சிருக்கேங்க."

"எதை?"

"எல்லாத்தையும்."

அந்தப் பக்கத்தில் ஃபோனை வைக்கும் சத்தம் கேட்டது.  

ஐந்தே முக்காலுக்கு வியர்வையோடு படியேறி வந்தார். நேராகப் பிளேயர் பக்கம் போனவரை மறித்தேன். பூஜையில் வைத்த பொருளை மறுநாள் விஜயதசமி காலையில் மறுபூஜை செய்த பிறகுதான் எடுப்பது வழக்கம். என் வீட்டிலும் அப்படித்தான், அவர் வீட்டிலும் அப்படித்தான்.

"நாளைக்குக் காலைலதாங்க எடுக்கணும்."

"ஐதராபாத்துல சரஸ்வதி பூஜை இன்னும் நல்லா பண்ணுவாங்களாம். அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றார்.

நான் அழலாமா என்று யோசிப்பதற்குள் வாசலில் ஆட்டோ நின்றது. செம்பாக்கத்துக்காரரும் அவர் மனைவியும் வந்தார்கள். அவர் நல்ல உயரம், வெள்ளைச் சட்டை. அந்த அம்மா கையில் ஒரு பை நிறையச் சுண்டல்.

"இன்னா சார், தெருமுனை வரைக்கும் சாம்பிராணி வாசனை தூக்குது" என்றபடி உட்கார்ந்தவர், பிளேயரின் நெற்றியில் இருந்த பொட்டைப் பார்த்தார். "ஓகோ. பூசைல வெச்சி கீதா?"

"ஆமா சார். ஒரு சின்ன விஷயம்..." என்று என் கணவர் இழுத்தார்.

"இதுல இன்னா சின்ன விசயம்? என் கார் சாவியே சாமிகிட்டதான் கீது. ஆட்டோலதான வந்தோம். ஆனா பாரு சார், நாளைக்கு நல்ல நாளு. ஆர்டர் குடுத்தா நாளைக்குத்தான் குடுப்பேன். இன்னொரு கடைக்காரரு காலைலயே வரேன்னு சொல்லிகினு கீறாரு. இன்னிக்கி கேட்டாத்தான் ஆச்சு."

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அந்த அம்மா மட்டும் எழுந்து, சுவரில் இருந்த தேதி கிழிக்கும் காலண்டரிடம் போய்க் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தார்.

"ஏம்மா, நவமி நாலு பத்துக்கே முடிஞ்சி பூட்ச்சே. இப்ப தசமிதான் நடக்குது. ஒரு கற்பூரத்தக் காட்டி எடுத்துக்க. யாரு கேக்கப் போறா?"

ராகு காலம் பார்த்தவள், எமகண்டம் பார்த்தவள், திதி முடியும் நேரத்தைப் பார்க்கவில்லை. எனக்கு வெட்கமாகவும், அவர் காலில் விழலாம் போலவும் இருந்தது. கற்பூரம் காட்டினோம். மறுபூஜை முடிந்ததும் பொருட்களை லேசாக வடக்கே நகர்த்தவேண்டும். பிளேயரை நகர்த்தியதில் பின்னால் ஒரு ஒயர் கழன்றுகொண்டது. என் கணவர் குனிந்து மாட்டினார்.

பிறகு டிஸ்கை எடுத்தார். விரல் படக்கூடாது என்று ஓரத்தை மட்டும் பிடித்து, ரயில் படம் மேலே தெரிய, அப்பளத்தை எண்ணெயில் விடுவது போலத் தட்டில் விட்டார். தட்டு உள்ளே போனது. விளக்கை அணைத்தார்.

டிவியில் காடு வந்தது. அடுத்த நொடி அது கட்டம் கட்டமாக உடைந்தது. மழை இரண்டு சொட்டு விழுந்து நின்றது. மறுபடி அதே இரண்டு சொட்டு. உள்ளேயிருந்து டிக் டிக்கென்று ஒரு சத்தம். பிறகு நீலத் திரை.

"வோல்டேஜா சார்?" என்றார் செம்பாக்கத்துக்காரர், மரியாதையாக.

என் கணவர் மறுபடி போட்டார். மறுபடி இரண்டு சொட்டு.  நான் துடைத்துத் துடைத்துத்தான் ஏதோ தேய்ந்துவிட்டது என்று நினைத்தேன். ஐதராபாத்துக்கு எடுத்துப்போக எத்தனை அட்டைப்பெட்டி வேண்டியிருக்கும் என்றுகூட மனம் கணக்குப் போட்டது.

அவர் விளக்கைப் போட்டு, டிஸ்கை வெளியே எடுத்து, திருப்பினார். மூன்று பொட்டும் வைத்த இடத்திலேயே இருந்தன. உண்மையைச் சொன்னால், கலையாமல் இருக்கிறதே என்றுதான் முதலில் எனக்குத் தோன்றியது. அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் எந்தப் பக்கம் எதற்கு என்று விளங்கியது.

 சொல்லலாமா, எப்படிச் சொல்வது என்று நான் வாக்கியம் தேடிக்கொண்டிருந்தபோது மகள் உதவினாள்.

"அம்மாதான் பொட்டு வெச்சா. பெரிய பெரிய பொட்டு."

என் கணவர் பையிலிருந்து ஒரு துணியை எடுத்துத் தேய்க்கப் போனார். அப்போது என் வாய் என்னைக் கேட்காமல் திறந்தது. "தேய்க்காதீங்க. காஞ்ச சந்தனம் மணல் மாதிரி, கீறிடும். தண்ணில ஊறவெச்சாத்தான் போகும்."

"தண்ணியா? இதையா?" என்றார்.

"சாமான்னா தண்ணில கழுவித்தான சார் ஆவணும்" என்று அந்த அம்மா என் பக்கம் வந்துவிட்டார். "கொண்டாம்மா."

சமையலறைக் குழாயடியில் டிஸ்கை நான் பிடித்துக்கொள்ள, அந்த அம்மா சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டார். சந்தனம் இளகிச் சரிந்தது. குங்குமம் கொஞ்சம் அடம் பிடித்தது. மகளின் சோப்பைத் தண்ணீரில் கரைத்து விட்டோம். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது உபயோகித்த பழைய வேட்டித்துணியால், குளிப்பாட்டிய குழந்தையை ஒற்றுவது போல ஒற்றி எடுத்தேன். என் கணவர் சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு, ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்பவர் மாதிரி நின்றார்.

மறுபடி போட்டார். காடு முழுசாக வந்தது. மழை இலை இலையாக விழுந்தது. கீழேயிருந்து அக்காவின் குரல், "நெஜ மழையா?" என்று கேட்டது. "இல்லக்கா" என்று நான் ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டு வந்து உட்காரும்போது ரயில் இடது காதில் புறப்பட்டுவிட்டது. அறையின் நடுவில், எங்கள் தலைக்கு மேல், அது ஒரு கணம் விக்கி நின்று மறுபடி ஓடியது. ஒரு பொட்டின் சுவடு இன்னும் இருந்திருக்க வேண்டும்.

"இன்னா சார், ரயிலு குரோம்பேட்டைல நின்னுட்டுப் போவுதா?" என்றார் செம்பாக்கத்துக்காரர்.

அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். என் கணவர் சிரிக்கலாமா என்று தெரியாமல் பாதி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெரிய மனிதரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் டிஸ்கை வாங்கி விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், எனக்கு ஒரே கொயப்பம் இதான். எங்க வூட்ல ஆயுதபூசைன்னா இவ வாட்டர் மோட்டார்லேர்ந்து வாசக்கேட்டு வரைக்கும் பொட்டு வெப்பா. குடிபோறன்னிக்கு ஓமப்புகை. இந்த ஃபாரின் சாமானு அதெல்லாம் தாங்குமான்னு யார்கிட்ட கேக்கறது? கேட்டா சிரிப்பாங்க. இப்ப கண்ணாலயே பாத்துட்டேன். நாளைக்குக் காலைல கொண்டாந்து எறக்கிடு."

"கண்டிப்பா சார். சீல் பிரிக்காத புது பீஸ் தர்றேன். இது டெமோதான்."

"புதுசு இன்னாத்துக்கு? பூசை போட்டது இதுக்குத்தான? புதுசுக்கு அடுத்த வருசம் வரைக்கும் காத்துகினு கெடக்கணுமா? இந்தப் பொட்டியத்தான் குடுக்கணும்."

"அந்தப் பொட்டு வெச்ச தட்டும்" என்றார் அந்த அம்மா, சுண்டலை என் பாத்திரத்தில் கொட்டியபடி.

மறுநாள் விஜயதசமி. என் கணவர் காலையில் எல்லாவற்றையும் செம்பாக்கத்தில் இறக்கிவிட்டு, கடை டெமோவை விற்றதற்கு என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தபடி முதலாளியைப் பார்க்கப் போனார். நான் விடுமுறைக்குப் பூட்டியிருந்த பள்ளி வாசல் வழியாகக் காரணமே இல்லாமல் ஒருமுறை நடந்துவிட்டு வந்தேன். மதியம் சாப்பிட வந்தவர், கை கழுவி உட்கார்ந்து, சாம்பார் சாதத்தை முடித்தார். ரசம் விடும்போது சொன்னார்.

"ஐதராபாத்துக்கு வேற ஆளை அனுப்புறாங்க. தாம்பரம், வண்டலூர் வரைக்கும் என்னையே பாத்துக்கச் சொல்லிட்டார்."

அவர் தட்டில் இன்னும் ஒரு கரண்டி ரசம் விட்டேன்.  மகள் அதே பள்ளிக்குத்தான் போவாள், அதே டீச்சர், அதே வாசல். அந்த நிம்மதி எனக்கு ஏறக்குறைய அவர் ரசம் சாதம் பிசைந்து முடிக்கும் வரை இருந்தது. அதற்குள், கிளைக்குப் போகிறவருக்கு வீடு கொடுப்பதாக ஒரு பேச்சு இருந்ததே என்பது நினைவுக்கு வந்தது. அங்கே தண்ணீர் லாரிக்குக் காத்திருக்க வேண்டாம் என்று யாரோ சொல்லியிருந்தார்களே. நான் ஒருத்தி பயந்ததால் இவருடைய முன்னேற்றம் நின்றுவிட்டதோ?

"ஏங்க, அங்க ஸ்கூல்லாம் எப்படின்னு விசாரிச்சீங்களா? சும்மா கேக்கறேன்."

அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"மோர் ஊத்து" என்றார்.