வைரக்கண்ணு அடித்த கோலும் அவர் அப்பாவின் பெயரும்

பழைய காற்பந்துப் படங்களின் கண்காட்சியை நடத்தும் குழுவினரே, நீங்கள் ஒரு மனிதரின் கோலைப் பிடுங்கி, பந்தைத் தொட்டே பார்க்காத அவருடைய அப்பாவிடம் கொடுத்துவிட்டீர்கள்.

ஞாயிறு காலை 9.10. சிங்கப்பூரின் வடக்கே, உட்லண்ட்ஸில் ரயில் ஏறினேன். எனக்கு முட்டி வலி, உட்கார இடமில்லை. கிராஞ்சியிலிருந்து வந்த கட்டுமானத் தொழிலாளி ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார்.

“தேக்காவுக்காண்ணே?”

“ஆமா. ஃபுட்பால் பாக்கப் போறேன்.”

“இன்னைக்கு மேட்ச் இருக்கா?”

“அம்பது வருசத்துக்கு முந்தின மேட்ச், தம்பி.”

“அப்ப ரிசல்ட் தெரிஞ்சிருக்குமே!” என்று சிரித்தார்.

தெரியும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

நியூட்டனில் மாறினால் அடுத்த நிறுத்தமே, தேக்கா என்று நாங்கள் சொல்லும் லிட்டில் இந்தியா. 9.55க்கு இறங்கி, ஒரு டீ குடித்தேன். ஒரு வெள்ளி அறுபது காசு. வெயில் அதற்குள் சுட்டது. கண்காட்சி பக்கத்துச் சந்தில் ஒரு மண்டபத்தில். நுழைவு இலவசம்.

வைரக்கண்ணுவை ஒன்பது வயதில் முதலில் பார்த்தேன். இடது ஓரத்தில் ஆடுவார். மற்றவர்கள் ஓடுவதில் கெட்டிக்காரர்கள், அவர் நிற்பதில். முழு வேகத்தில் போய்ச் சட்டென்று நிற்பார். தடுக்க வந்தவன் சறுக்கிக்கொண்டே கோட்டைத் தாண்டிப் போவான். சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லோரும் “வைரம்! வைரம்!” என்று கத்துவோம். மழையில் நடந்த ஓர் ஆட்டத்தில் அப்படி நின்று, இடது காலால் அடித்த கோலை நான் இன்னும் மறக்கவில்லை.

அந்தக் கோலின் படம் சுவரில் பெரிதாக இருந்தது. கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி: ‘வெற்றி கோலை அடிக்கும் காத்தமுத்து’.

காத்தமுத்து அவருடைய அப்பா. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். ‘வைரக்கண்ணு, காத்தமுத்துவின் மகன்’ என்றுதான் அடையாள அட்டையில் இருக்கும். கடைசியில் வருவது குடும்பப் பெயர் என்று யாரோ முடிவு கட்டி, முன்னால் இருந்ததை வெட்டிவிட்டார்கள்.

மேசையில் இருந்த பெண்ணிடம் சொன்னேன்.

“ரெக்கார்ட்ல அப்படித்தான் அங்கிள் இருக்கு. இந்தப் படமெல்லாம் வர்ற புக்கும் அடுத்த மாசம் பிரிண்டுக்குப் போகுது.”

“நீ தமிழ்ப் பொண்ணுதானே? உங்கப்பா பேரைச் சொல்லி உன்னைக் கூப்பிடவா?”

தலையைக் குனிந்துகொண்டாள். “ஈமெயில் போடுங்க அங்கிள். கமிட்டி பாப்பாங்க.”

டீக்கடைக்கே திரும்பிப் போய்ப் புலம்பினேன். கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

“வைரக்கண்ணு அண்ணனா? புக்கிட் பாத்தோக்ல என் தங்கச்சி இருக்கிற அடுக்குமாடி புளோக்தான் லா. போய்ப் பாருங்க.”

11.20க்கு டாக்சி. சுமார் பதினைந்து கிலோமீட்டர், இருபத்து மூன்று வெள்ளி. பத்தாவது மாடி. அவரே கதவைத் திறந்தார். எழுபத்தெட்டு வயது, கையில் ஊன்றுகோல். வந்த விஷயத்தைச் சொன்னேன்.

“தெரியும் தம்பி. மொத நாளே மகளோட போயிருந்தேன். படத்துக்கு முன்னாடி ரொம்ப நேரம் நின்னுட்டேன் போல. கோட்டு போட்ட ஒருத்தர் வந்து, ‘இவர் உங்களுக்குச் சொந்தமா?’ன்னு கேட்டார். பேரைப் படிச்சேன். ‘எங்கப்பா’ன்னேன்.”

“நீங்கதான்னு சொல்லலையா?”

“கையப் புடிச்சுக் குலுக்கி, ‘அப்பாவை நெனைச்சுப் பெருமைப்படணும்’னார். அதுக்கப்புறம் என்னத்தச் சொல்ல?” சிரித்தார். “பந்தாடப் போனா பெல்ட்டால அடிப்பார் அந்த மனுசன். இப்ப அவரே கோல் போட்டுட்டார் லா!”

மகள் சிரிக்கவில்லை. “அன்னையிலேர்ந்து அப்பா சரியாச் சாப்பிடல அங்கிள். பேரப் பிள்ளைங்களுக்கு அந்த புக்கை வாங்கிக் கொடுக்கணும்னு இருந்தார்.”

“விடும்மா,” என்றார் அவர்.

2.30க்குக் கிளம்பினேன். மின்தூக்கி வரை வருகிறேன் என்று எழுந்தவர், பாதி வழியில் கால் வலித்து நின்றார். நானும் நின்றேன். வீட்டுக்குப் போகும் ரயிலில் இடம் கிடைத்தும் உட்காரப் பிடிக்கவில்லை.

குழுவினரே, ஈமெயில் போட மாட்டேன். புத்தகம் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. அவர் இன்னும் உயிரோடு இருக்கிறார். அந்தக் கோலை அடித்தது யார்? அதே மண்டபத்தில், அதே படத்துக்கு முன்னால் அவரை உட்காரவைத்து, எல்லோர் காதிலும் விழும்படி பதில் சொல்லுங்கள்.