லாரிக்கு அடியில் ஈரம்

பால்பவுடர் டின்னுக்குள் சொட்டுத் தண்ணீர் விழும் சத்தம் முதலில் 'டங்' என்று கேட்கும். டின் பாதி நிறைந்த பிறகு 'ப்ளக்' என்று அமுங்கிவிடும். அபுதாபிக்கு மேற்கே, பாலைவனத்துக்குள் இருக்கும் மதீனத் ஜாயித் என்ற சிறு நகரத்தில், எங்கள் குடியிருப்புக்கு எதிரிலிருந்த லாரி யார்டில் குனிந்து நின்று நான் கேட்ட சத்தம் அது.

அந்த ஊர் லாரிகளின் வரலாற்றுக்காகப் பல ஆண்டுகளாகக் குறிப்புச் சேர்த்து வருகிறேன். எனக்கு நினைவு தெரிந்த முதல் லாரிகள் 'மூக்கு வண்டிகள்'. இன்ஜின் முன்னால் துருத்திக்கொண்டிருக்கும், ஏசி கிடையாது, டிரைவர்கள் இரண்டு கதவையும் திறந்துபோட்டுக் கிடப்பார்கள். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, 'சப்பை மூஞ்சி' டிரெய்லர்கள் வந்தன. எண்ணெய் வயல்களுக்குக் குழாயும் ஜல்லியும் ஏற்றிப்போன அந்த வண்டிகளில் ஏசி இருந்தது. ஆனால் நிற்கும் வண்டியில் அதைப் போடக் கூடாது என்று கம்பெனி உத்தரவு போட்டது. சைட்டிலிருந்து எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது, கூப்பிடும்போது ஸீட்டில் இல்லாதவனுக்கு முறை போய்விடும், ஆகவே ஜூன் மாதத்துப் பகல் பதினொன்றிலிருந்து நான்கு வரை, இன்ஜினை அணைத்துவிட்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் மனிதன் உட்கார்ந்திருக்க வேண்டும். இதை இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் நிதானமாக எழுத எனக்கு வரவில்லை.

உத்தரவை மீறியவனைப் பிடிக்கவும் ஒரு வழி வைத்திருந்தார்கள். யார்டு மேனேஜர் வருவது தெரிந்ததும் டிரைவர் இன்ஜினை அணைத்துவிடுவார். வண்டியின் முன்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தும் பயனில்லை, அந்த வெயிலில் எல்லா வண்டியும் சுடும். ஏசி ஓடினால் அடியில் தண்ணீர் சொட்டி மணல் வட்டமாக ஈரமாகும். யார்டு மேனேஜர் அந்த ஈரத்தைத் தேடித்தான் வரிசையாகக் குனிந்து பார்த்துக்கொண்டே வருவார். சொட்டு மணலில் விழாமலிருக்கத்தான் டிரைவர்கள் அடியில், சக்கர மறைவில் பால்பவுடர் டின் வைத்தார்கள்.

என் வாப்பா அந்த யார்டில் வண்டிகளை அனுப்பும் கிளார்க். கீழக்கரையிலிருந்து போனவர். "எழுதி வைக்காதது நடக்கவே இல்லம்மா" என்பது அவர் வாயில் எப்போதும் இருக்கும் பேச்சு. அதைக் கேட்டு வளர்ந்ததால், நான்காம் வகுப்பு விடுமுறையில் ஒரு நோட்டுப் போட்டேன்: வண்டி எண், வந்த நேரம், சரக்கு, டிரைவர் பெயர். கடைசிக் கட்டத்தில் 'டின் உண்டு' அல்லது 'டின் இல்லை'. டின் உள்ளவை புதிய ரக வண்டிகள் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

அதிக நாள் 'டின் உண்டு' வாங்கியவர் சேதுராமன் மாமா. பரமக்குடிப் பக்கம். அதற்கு முந்தின கோடையில் ஸீட்டிலேயே மயங்கி விழுந்தவர். வெயில் ஆகாது, குளிர்ச்சியில் இருக்க வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு கம்பெனி ஃபைலில் இருந்தது. "என்ன தாயி, இன்னைக்கு எத்தனை உருப்படி? நம்ம வண்டியக் கொஞ்சம் பெரிய எழுத்துல போடு, ஊர்ல கேட்டாச் சொல்லிக்கலாம்" என்று ஸீட்டிலிருந்தே கத்துவார். நானும் பெரிய எழுத்தில்தான் போட்டேன்.

விடுமுறை முடிவதற்குள் வாப்பா அந்த நோட்டை ஆபீசுக்கு எடுத்துப்போய் மேனேஜரிடம் காட்டிவிட்டார். மேனேஜர் பக்கங்களைப் புரட்டினார், 'டின்' என்றால் என்ன என்று ஒரே கேள்வி கேட்டார். அந்த வாரமே சேதுராமன் மாமாவின் விசா கேன்சல். வாப்பா டாக்டர் சீட்டை எடுத்து நீட்டியிருக்கிறார். "ஸீட்ல சும்மா உட்கார்றது ஒரு வேலையா? அதுவே ரெஸ்ட்தான். கலாஸ், முடிஞ்சு போச்சு" என்று மேனேஜர் ஃபைலை மூடிவிட்டார். அவர் தலைக்கு மேலே இரண்டு ஏசி ஓடிக்கொண்டிருந்ததை வாப்பாவே உம்மாவிடம் சொன்னார். மேனேஜரிடம் சொல்லவில்லை.

பெட்டியோடு கிளம்பும்போது சேதுராமன் மாமா எங்கள் வாசலில் நின்றார். செருப்பைக் கழற்றவில்லை.

"டின்னு வைக்கிறது ஒங்களுக்கும் தெரியும்ல பாய்?"

வாப்பா அவர் பெட்டியை வாங்கக் கை நீட்டினார்.

"ஒங்க மகளுக்கே வேலை போட்டுக் குடுக்கச் சொல்லுங்க. மேனேஜர விட நல்லாக் குனிஞ்சு பாக்குது."

அவர் என்னைப் பார்க்காமலே போனார். அந்தக் கோபம் அவருக்கு உரியது. என் கோபம் வேறு இடத்தில் கிடக்கிறது. சென்ற ஆண்டு ஊரில் வாப்பாவிடம் கேட்டேன், டின் எதற்கென்று தெரிந்தும் ஏன் காட்டினீர்கள் என்று. "ஒன் கையெழுத்து அழகா இருந்துச்சும்மா. அதத்தான் காட்டுனேன். அந்தக் கட்டத்த நான் யோசிக்கவே இல்ல" என்றார். யோசிக்காமல் இருப்பதற்குத்தான் அந்தக் கம்பெனி அவரைப் போன்றவர்களை வைத்திருந்தது என்று சொல்ல நினைத்து, எண்பது வயது முகத்தைப் பார்த்து, விழுங்கிக்கொண்டேன். இங்கே சொல்லிவிட்டேன்.

இந்த மே மாதம் மதீனத் ஜாயித் போனேன். யார்டு இருந்த இடத்தில் கார் நிறுத்தம். மூக்கு வண்டி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. லாரிகள் ஊருக்குள் வருவதில்லை, வெளிச்சாலையோரம் நிற்கின்றன. அங்கே நடுப்பகலில் ஒரு டிரெய்லருக்கு அடியில், சக்கரத்தில் சாய்ந்து ஒரு தமிழ்ப் பையன் உட்கார்ந்திருந்தான். ஏசி போட்டுக்கொண்டு மேலே உட்காரலாமே என்றேன்.

"நிக்கிற வண்டியில இன்ஜின் ஓடுனா ஆபீஸ் ஸ்கிரீன்ல செவப்பாக் காட்டும்க்கா. வண்டியிலயே மிஷின் வச்சிருக்காங்க."

என் கையில் நோட்டைப் பார்த்ததும் எழுந்துவிட்டான்.

"அக்கா, பேரு மட்டும் எழுதிறாதீங்க."

எழுதவில்லை. அவன் வண்டி எண்ணையும் எழுதவில்லை.