லிங்கம் பிரிண்டர் பார்க்கிறார்

கட்டைவிரலை நாக்கில் தொட்டு, அப்போதுதான் வெளியே வந்த தாளில் பொங்கல் பானையின் வயிற்றை ஒரு தேய் தேய்த்தார் லிங்கம். விரலில் மஞ்சள் ஒட்டிக்கொண்டது. அந்த விரலைக் கடைக்காரர் ஷப்ராஸின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"பாருங்க தம்பி. நமுனுகுல மழையில இது நிக்குமா? மச்சான் வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள பானை கரைஞ்சி ஓடிரும்."

"ஐயா, கார்ட மழையில நனைக்கிறதுக்கா அனுப்புறீங்க?"

"தபால்காரரு குடையை மறந்துட்டு வந்தா?"

தபால்காரரின் குடைக்குத் தன்னிடம் உத்தரவாதம் இல்லை என்பதால் ஷப்ராஸ் அந்தப் பிரிண்டரின் வயரைக் கழற்றினார். பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் அவர், இந்தப் பரீட்சையில் ஐந்து வருடமாகத் தோற்றுவருகிறார். தோற்றாலும் லிங்கத்தைக் கண்டதும் ஸ்டூலை இழுத்துப் போடாமல் இருக்க அவரால் முடியவில்லை.

விஷயம் பெரிதல்ல. வீட்டிலேயே வாழ்த்து அட்டை அச்சடிக்க ஒரு பிரிண்டர் வேண்டும். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட லிங்கம் நான்கு வீட்டுப் படிதான் ஏறினார். பிரிண்டருக்காகப் பதுளையில் அவர் ஏறாத படி இல்லை. பசறையில் இரண்டு கடை, பண்டாரவளையில் மூன்று.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. தெமோதரைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். டீமேக்கர் என்றால் தேநீர் ஊற்றிக் கொடுப்பவர் என்று நினைத்துப் பேசிய வெளியூர்க்காரர்களோடு அவர் இரண்டாவது வார்த்தை பேசியதில்லை. கொழுந்து வந்து இறங்குவது முதல் தூள் மூட்டையாகிப் போவது வரை அவர் தலையாட்டினால்தான் அங்கே எதுவும் நகரும். "என் கண்ணுக்குத் தப்பித் தூளோட ஒரு நாரு வெளிய போனதில்ல" என்று அடிக்கடி சொல்வார். சொல்லும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொள்வார்.

தலையாட்டிய பழக்கம் போகவில்லை. ஆட்டுகிற திசைதான் மாறிவிட்டது. தாளை முதலில் வெளிச்சத்துக்குப் பிடிப்பார். பிறகு முகர்வார். தூளை முகர்ந்த மூக்கு என்பதால் மையில் கலப்படம் இருந்தால் தெரிந்துவிடுமாம். அதன் பிறகு காதோரம் வைத்துச் சுண்டுவார். சத்தம் பிடிக்காவிட்டால் தாளின் கதை அத்தோடு சரி.

"லேசரா? மடிச்சிப் பாருங்க, நடு மடிப்புல தூள் உதிர்ந்து வெள்ளைக் கோடு விழும். இங்க் டேங்கா? அது விரலோட வருது. இந்த மிஷின் முன்னால தட்டுல தாளை வாங்குது. அட்டையை உள்ளுக்குள்ள வளைச்சி, முதுகை ஒடிச்சித்தான் வெளிய விடும். பின்னால தட்டு வேணும், நேராப் போயி நேரா வரணும்."

பின்னால் தட்டு உள்ள இயந்திரம் ஒன்று வந்தது. அதில் சிவப்பு, காவியாக விழுந்தது. காவி இல்லாத ஒன்றும் வந்தது. அது வேலை செய்யும்போது அதிகம் சத்தம் போடுகிறது என்றார். அவர் வீட்டில் தூங்குகிற குழந்தை எதுவும் இல்லை.

பிரிண்டரே இல்லாத இந்த மனிதரின் சொல்லைக் கேட்டுப் பிரிண்டர் வாங்கியவர்கள் ஊரில் நிறையப் பேர். பத்திரம் எழுதும் ஒரு நொத்தாரிசு, இரண்டு டியூஷன் வகுப்பு, ஒரு கோயில் நிர்வாக சபை. எதை வாங்குவது என்று தெரியாமல் வருகிறவர்களை ஷப்ராஸே அவரிடம் அனுப்பிவைக்கிறார். லிங்கம் பத்து நிமிடத்தில் முடிவு சொல்லிவிடுவார். அவர்கள் எல்லோரும் அச்சடித்துத் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள். தமக்கென்று வரும்போது மட்டும், "அவசரம் என்னத்துக்கு? இன்னும் ரெண்டு மாடல் வருதாம்" என்பார்.

சட்டைப் பையில் ஒரு பென் டிரைவ் இருக்கும். அதில் இருப்பது ஒரே ஒரு அட்டை. அதன் பெயர் 'கணபதி மச்சான் 41'. முந்தைய நாற்பதையும் அவர் நிராகரித்துவிட்டார். இரண்டு பக்கமும் கரும்பு, நடுவில் பானை, மேலே சூரியன். கீழே 'அன்பு மச்சான் கணபதி அவர்களுக்குத் தைப்பொங்கல் நல்வாழ்த்துகள்'. அதில் 'கணபதி' என்ற பெயர் மட்டும் சூரியனைவிடப் பெரிதாக இருக்கும். இதே அட்டை பதுளையில் விற்பனைக்கு வந்த எல்லாப் பிரிண்டரிலிருந்தும் ஒரு தடவையாவது வெளியே வந்திருக்கிறது. கணபதியின் கைக்குத்தான் ஒன்றும் போனதில்லை.

கணபதி, லிங்கத்தின் மனைவி விசாலாட்சியின் அண்ணன். நமுனுகுலவில் தோட்டத் தொழிலாளர் லயத்தில் இருக்கிறார். லிங்கமும் அதே லயத்தில் பிறந்தவர்தான். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சுவர்தான் இருந்தது. ஒருவர் படித்துத் தொழிற்சாலைக்குள் போனார், மற்றவர் மலைக்குத் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு போனார். தங்கையைக் கட்டிக்கொடுத்த பிறகும் வாடா போடா பேச்சு மாறவில்லை. ஆறு வருடத்துக்கு முன் லிங்கத்தின் ஒரே மகள் மேனுஷாவின் கல்யாணத்தில் மாறியது.

கொழும்புச் சம்பந்தம். அதற்கேற்ற பத்திரிகை, கொழும்பு அச்சகத்தில், தங்க ஓரத்தோடு. 'தங்கள் நல்வரவை நாடும்' என்ற இடத்தில் பதினான்கு பேருடைய பெயர். மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்குத் தெரிந்த ஓய்வு பெற்ற அதிபர்கூட இருந்தார். பெண்ணின் தாய்மாமன் பெயர் இல்லை.

கணபதி கல்யாணத்துக்கு வந்தார். தட்டு வரிசையோடு, புதுச் சட்டையோடு, மூன்று பஸ் ஆட்களோடு வந்தார். தாய்மாமன் செய்ய வேண்டியதை ஒன்று விடாமல் செய்தார். தாலி ஏறியதும் லிங்கத்தின் முன்னால் வந்து, "அப்ப நாங்க வர்றோமுங்க டீமேக்கர் ஐயா" என்று கும்பிட்டுவிட்டு, கை நனைக்காமல் படியிறங்கினார். மூன்று பஸ் ஆட்களும் பின்னாலேயே இறங்கினார்கள். கொழும்புச் சம்பந்திகள் இரண்டு பந்திச் சாப்பாட்டை ஒரே பந்தியில் சாப்பிட வேண்டியதாகிவிட்டது.

"பிரஸ்காரன் விட்டுட்டான்" என்று லிங்கம் அன்றைக்கே சொன்னார். மனைவியிடம், மகளிடம், சம்பந்தியிடம், ஷப்ராஸிடம் எல்லோரிடமும் சொன்னார். "அதனாலதான் தம்பி, இனிமே என் வீட்டுக் கார்டு என் வீட்டுலயே அடிபடணும்னு முடிவு பண்ணிட்டேன்." சொல்ல வேண்டிய ஆள் நமுனுகுலவில் இருக்கிறார். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். "வெறுங்கையோட எப்புடிப் போறது? கார்டு சரியா வரட்டும், கையோட கொண்டுபோயிக் குடுத்துப் பேசிக்கிறேன்" என்பார். பிரிண்டர் கிடைக்காதவரை பஸ் ஏற வேண்டியதில்லை என்பதை அவர் கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. நார் தப்பாத கண் அல்லவா.

இதில் நசுங்கியவர் விசாலாட்சி. பெட்டி நிறைய முறுக்கும் அதிரசமும் சுட்டு, ஒவ்வொரு பொங்கலுக்கும் நமுனுகுல பஸ் கண்டக்டர் ஸப்வானின் கையில் கொடுத்தனுப்புவார். நாலாம் நாள் அதே பெட்டி சௌசௌவும் லீக்ஸும் நிறைந்து திரும்பி வரும். அண்ணன் வெறும் பெட்டியை அனுப்புகிறவர் அல்ல. ஆனால் ஒரு வார்த்தை கூட வராது. அந்தக் காய்களை நறுக்கும்போது விசாலாட்சி அழுவதுண்டு. சௌசௌ நறுக்கினால் கண் எரியாது என்று லிங்கத்துக்கும் தெரியும்.

இந்தத் தையில் விசாலாட்சியின் பொறுமை முடிந்தது. மேனுஷாவின் குழந்தைக்கு மாதக் கடைசியில் காதுகுத்து. மேனுஷாவுக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. மடியில் வைத்துக்கொள்ள அவளுடைய மாமனாவது வேண்டும்.

"என் அண்ணன் இல்லாம இந்தப் புள்ளைக்குக் காது குத்தக் கூடாது. குத்தினா நான் அங்க இருக்க மாட்டேன்" என்றார் விசாலாட்சி.

"அதுக்குத்தானே பிரிண்டர் பார்த்துக்கிட்டு இருக்கேன்" என்றார் லிங்கம்.

விசாலாட்சி அடுப்படிக்குப் போனார். முறுக்குப் பிழிந்தார். கடைகளிலிருந்து லிங்கம் கொண்டுவந்த மாதிரித் தாள்கள் அந்த வீட்டில் அலுமாரித் தட்டு, அரிசி டின் மூடி, மிளகாய்த்தூள் போத்தல் அடி என்று எல்லா இடத்திலும் விரிந்து கிடக்கும். அதில் ஒன்றை எடுத்துப் பலகாரப் பெட்டிக்குள் விரித்தார். மற்றத் தாள்களை வெற்றுப் பக்கம் மேலே தெரியத்தான் விரிப்பார். இதைப் பானையும் பெயரும் மேலே தெரிய விரித்தார். கேட்டால், "கைக்கு வந்தத எடுத்தேன்" என்கிறார்.

நாலாம் நாள் காலை பஸ்ஸில் பெட்டி வரவில்லை. கணபதியே வந்தார்.

"டீமேக்கர் ஐயா வீட்டுல இருக்காங்களா?" என்று கேட்டுக்கு வெளியே நின்று கேட்டார். விசாலாட்சி கரண்டியோடு ஓடிவந்து, "அண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிட்டார். லிங்கம் பின்னாலேயே வந்து, "வா மச்சான், உள்ள வா" என்றார்.

கணபதி உட்கார்ந்தார். பையிலிருந்து எண்ணெய் ஊறிய தாளை எடுத்து விரித்தார். லிங்கத்தின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். ஆறு வருடத்துக்குப் பிறகு வீட்டுக்கு வந்த மச்சானைப் பார்க்காமல் அவர் தாளைப் பார்த்தார்.

"ஐயோ, இது சாம்பிள் மச்சான்! பிரிண்டர் ஹெட்டு அடைச்சிருந்திச்சி. கரும்புல கோடு விழுந்திருக்கு பாரு. பானை பச்சையா இருக்கு. இதையா உனக்கு அனுப்பினா இவ?"

விசாலாட்சி உள்ளே போனார். அலுமாரித் தட்டிலிருந்தும் டின்னிலிருந்தும் போத்தல் அடியிலிருந்தும் தாள்களை உருவியெடுத்து, ஒரு கட்டாகக் கொண்டுவந்து அண்ணன் மடியில் போட்டார். கணபதி ஒவ்வொன்றாகப் புரட்டினார். சிலதில் சூரியன் நீலம், சிலதில் கரும்பு பாதி. பெயர் மட்டும் எல்லாவற்றிலும் பெரிதாக இருந்தது.

"இத்தன எடத்துல போட்டிருக்க" என்றார் கணபதி. "அன்னைக்கு ஒரு எடத்துல போட்டிருக்கலாமே."

லிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"லயத்துக்காரன் பேரு கொழும்புச் சம்பந்தி கண்ணுல படக்கூடாதுன்னு எடுத்துட்ட, அப்புடித்தானே? அத மட்டும் உன் வாயால சொல்லிரு. நான் சண்டை போட வரல. கேட்டுட்டுப் போயிருவேன்."

"இல்ல மச்சான். சத்தியமா இல்ல. பிரஸ்காரன்..." என்று தொடங்கினார் லிங்கம். விசாலாட்சி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லிப் பழகிய வாக்கியம், அன்றைக்கு நடுவிலேயே நின்றுவிட்டது. எழுந்து அறைக்குள் போனார். நல்ல பிரிண்ட் எடுத்துவரப் போகிறார் என்று நினைத்து அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவர் கொண்டுவந்தது சேர்த்துக் குத்திய இரண்டு தாள். குத்திய கம்பி துருப்பிடித்திருந்தது. முதல் தாள், பத்திரிகைக்காக அச்சகத்துக்கு அவர் கைப்பட எழுதிக் கொடுத்த பட்டியல். அதன் முதல் வரியில் 'தாய்மாமன் திரு. கணபதி, நமுனுகுல' என்று இருந்தது.

கணபதி அதை இரண்டு தடவை படித்தார். "என் பேருதான் மொதல்ல இருக்கு" என்றார். தங்கையிடம் காட்டி, "இங்க பாரு, மொதல்ல இருக்கு" என்று மறுபடியும் சொன்னார். முகத்தில் ஆறு வருடத்துக் கல் ஒன்று உருண்டு இறங்குவது தெரிந்தது.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். பழி அச்சகத்தோடு போயிருக்கும், டீமேக்கரின் கண்ணுக்கும் ஒரு குறையும் வந்திருக்காது. அந்த ஒரு தாளை மட்டும் பிய்த்தெடுத்துக் கொண்டுபோய்க் காட்ட, ஆறு வருடத்தில் எத்தனையோ தடவை லிங்கம் அலுமாரியைத் திறந்திருக்கிறார். மனம் வராமல் மூடியுமிருக்கிறார். இப்போது தாமே கை நீட்டித் தாளைப் புரட்டினார்.

இரண்டாவது தாள், அச்சடிப்பதற்கு முன் சரிபார்க்கச் சொல்லி அச்சகம் அனுப்பிய மாதிரி. பிள்ளையாரைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, 'இன்னும் கொஞ்சம் குங்கும நிறம் வேண்டும்' என்று எழுதியிருந்தது. தங்க ஓரத்தில் ஒரு அம்புக்குறி, 'அரை நூல் ஒதுக்கவும்'. பெயர்ப் பட்டியலில் கணபதி இல்லை. அந்தப் பக்கம் சிவப்புப் பேனாவே போகவில்லை. அடியில், 'எல்லாம் கவனமாகப் பார்த்தேன். சரி. அச்சிடலாம்' என்று இருந்தது. அதற்கும் கீழே ஒரு கையெழுத்து.

கணபதி தாளைத் தூரத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். கிட்டக் கொண்டுவந்தும் பார்த்தார்.

"இது யாரு போட்ட சைன்?"

லிங்கம் மச்சானின் பக்கத்தில் குனிந்து, தாம் போட்ட அந்தக் கையெழுத்தின் கீழே விரலை வைத்தார். கணபதி படித்து முடிக்கும்வரை எடுக்கவில்லை.