மாம்பழ ஆவியும் இடது காலும்

யாங்கோனில் சிகரெட் கேட்டால் கடைக்காரர் ஒன்றை உருவித் தருவார். தேநீர்க்கடைத் தூணில் கயிறு கட்டிய லைட்டர், கோயில் மணி போல வாய் உயரத்துக்குத் தொங்கும். காரைக்காலில் நான் பெட்டியாக வாங்கி, ஒளித்து வைத்து, குற்றவுணர்வோடு பிடித்தவன். இங்கே ஒளிக்க அவசியம் இல்லாததால் எண்ணத் தொடங்கினேன். போட்டாதாங் துறைமுகக் கிடங்கில் சரக்குப் பதிவு எழுதுகிறவனுக்கு எண்ணிக்கைதான் ஒழுக்கம். என் ஒன்பது வருட நாட்குறிப்புகளில் மழை, மின்வெட்டு, சிகரெட் மூன்றும் நாள் தவறாமல் இருக்கின்றன.

சென்ற மழைக்காலத்தில் இடது கால் விரல்கள் சில்லிட்டு மரத்தன. பர்மிய டாக்டர் அம்மா பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். ரத்தக்குழாய் அடைபடுகிறதாம், புகையிலையை விடாவிட்டால் விரல்களை எடுக்கவேண்டி வருமாம். விரல்களோடு நாற்பத்தாறு வருடப் பழக்கம், சிகரெட்டோடு இருபத்தைந்துதான். மூத்ததற்கே மரியாதை என்று முடிவு செய்தேன். ஊரில் இருக்கும் மனைவியிடம் சிகரெட்டை விடப்போவதை மட்டும் சொன்னேன்; விரல்களைப் பற்றிச் சொல்லவில்லை.

கிடங்கில் உடன் வேலை செய்யும் கோ செல்வம் (பர்மிய மொழியில் ‘கோ’ என்றால் அண்ணன்) நகரின் தின்கன்ஜூன் பகுதிக்காரர். அந்தக் காலத்தில் துறைமுக வேலைக்கு வந்தவர்களின் கொள்ளுப்பேரன். அவரிடம் இரண்டு வைத்தியங்கள் இருந்தன.

“தீமிதிக்குக் காப்புக் கட்டுங்க அண்ணே. காப்பு கையில இருக்கையில பொயலையத் தொட ஏலாது. அம்மன் பாத்துக்கும்.” இரண்டாவதைப் பையிலிருந்து எடுத்தார்: பேனா போல ஒரு மின்சிகரெட், வெளியே மாம்பழ வாசனை, உள்ளே நிகோடின். “ஏக்கம் வந்தா இது.”

“விரதத்தில இது ஆகுமா?”

அம்மன் கோயில் பூசாரியிடமே போனோம். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நெருப்பு உண்டா?”

“இல்லைங்க.”

“சாம்பல்?”

“அதுவும் இல்லைங்க.”

“அப்ப சாம்பிராணியைவிடச் சுத்தம். நடக்கட்டும்.”

ஆய்வாளர்கள் வருடக்கணக்காகச் சண்டை போடும் கேள்வி அரை நிமிடத்தில் தீர்ந்தது. நான் படித்தவரை, சிகரெட்டை அடியோடு விட்டு இதற்கு மாறிய சிலருக்கு இது கைகொடுத்திருக்கிறது. சிலர் இரண்டையும் வைத்துக்கொள்கிறார்கள். சிலர் இதிலேயே குடியேறிவிடுகிறார்கள். நான் எந்த ரகம் என்பதை நாட்குறிப்பு சொல்லும் என்று நம்பினேன். காப்புக் கட்டிய நாள்முதல் சிகரெட் கட்டத்தில் தினமும் பூஜ்யம் எழுதினேன். ஆனால் மின்சிகரெட்டுக்குப் போட்ட கட்டத்தில் எழுத எதுவும் கிடைக்கவில்லை. சிகரெட்டுக்கு முடிவு உண்டு: விரலைச் சுடும், எறிவோம், ஒன்று என்று குறிப்போம். இதற்கு முடிவே இல்லை. பஸ்ஸில், படுக்கையில், சரக்கை எண்ணும்போது என்று இழுத்துக்கொண்டே இருந்தேன். கோயில் மண்டபத்தில் காப்புக் கட்டிய மஞ்சள் வேட்டிகள் தூணில் சாய்ந்து ஊத, மாம்பழம் சாம்பிராணியை வென்றது. பூசாரி புதினாவுக்கு மாறியிருந்தார்.

தீமிதிக்கு முந்தைய வாரம் டாக்டர் அம்மா கேட்டார்: “சிகரெட்?”

“இல்லை.”

“வேறு ஏதாவது?”

“மாம்பழம் மட்டும்” என்றேன், என் அரைகுறைப் பர்மிய மொழியில்.

“பழம் நல்லது” என்று எழுதிக்கொண்டார். பிறகு பாதத்தைத் தொட்டார். “சிகரெட்டை விட்ட பிறகும் ஏன் இப்படிக் குளிர்கிறது?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். விளக்கப் போதுமான பர்மியச் சொற்கள் என்னிடம் இருந்தன. எந்த மொழியிலும் தைரியம்தான் இல்லை.

தீமிதி அன்று நெருப்புக் குழியில் நடந்தேன். மறுமுனையில் பால் ஊற்றிய பள்ளத்தில் நின்றபோது செல்வம் கட்டிப்பிடித்தார். “ஒரு சுளிப்பு இல்லையே அண்ணே! அம்மன் ஏத்துக்கிட்டா!” தன் போனில் என் மனைவியை அழைத்து என் காதில் வைத்தார்.

“சுட்டுச்சா?” என்றாள்.

“பாதிதான்.”

அவள் சிரித்தாள். “மீதிப் பாதியை நம்ம ஊருக்கு வந்து மிதிங்க.”

பாலுக்குள் வலது கால் தீயாய் எரிந்தது. இடது காலுக்கு இன்னும் சேதியே வந்து சேரவில்லை.